சங்குப்பூவில் மீன் வாசம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பக்கம் அம்மாவின் கருவாடு காயும், மறுபக்கம் என் பூ காயும். திருவொற்றியூர் கடலோரத்தில் இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. பழைய பெயின்ட் வாளிகளில் சங்குப்பூவும் பன்னீர் ரோஜாவும் வளர்த்தேன். பக்கத்து ஆலைகளிலிருந்து பறந்துவந்து இலையில் படியும் கரித்தூளைத் தினமும் கழுவிவிட வேண்டும். அம்மாவும் நானும் பறித்த பூவை நிழலில் உலர்த்தி, கோயம்புத்தூரில் பூ டீ விற்கும் ஒரு பெண்மணிக்கு அனுப்புவேன்.

யோசனை என்னுடையது என்றாலும் ஆசை அம்மாவுடையதுதான். கருவாட்டுக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவள் அவள். அங்கே சிரித்துச் சமாளிப்பாள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளிப்பாள். பூ அனுப்பத் தொடங்கிய வாரமே ஆட்டோக்காரரிடம், "இன்னாபா, நான் இப்ப பூக்காரி, தெரியும்ல?" என்று பெருமையடித்துவிட்டு வந்தாள்.

அப்பா விசைப்படகில் போகிறவர். "பூவோட சேர்ந்தா நாரும் மணக்கும்பாங்க. நம்ம வூட்ல கருவாடே மணக்கும் போல கீது" என்று கிண்டலடிப்பார்.

நடந்தது தலைகீழ். கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. டீ மீன் வாசம் அடிக்குதுங்க." பார்சலும் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மீன்காற்றையே சுவாசித்த மூக்கு, அதற்கு எப்படித் தெரியும்?

அம்மா அன்றைக்கே கருவாட்டை விட்டாள். நான் கேட்கவே இல்லை. மாடி முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு, "பீடை வுட்டுச்சி" என்றாள், சந்தோஷமாகத்தான். அடுத்த பார்சலுக்கும் அதே புகார் வந்தது.

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாடி இல்லடி. என் கைதான்." எலுமிச்சம்பழம், புளி, கஸ்தூரி மஞ்சள் என்று கண்டதையும் போட்டுத் தேய்த்ததில் தோல் சிவந்துபோனது. அதற்கப்புறம் அவள் பூவைத் தொடவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, எந்த வாளியில் எது மலர்ந்திருக்கிறது என்று எனக்குக் கை காட்டுவாள். நானும் தடுக்காமல் விட்டுவிட்டேன். ஒருவேளை கைதானோ என்று எனக்கும் தோன்றியதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அவள் தொடாத பூவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, எடை போடத் தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போனேன். கல்லாவில் அவர் மனைவி இருந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சைவச் சாப்பாட்டுக்காரர். மூடியைத் திறந்ததுமே முகம் சுளித்தார். பூவைத் தராசில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை முகர்ந்தார். "ஏட்டி, இதுலயா பூவ வச்சிருந்த? பெட்டிதாம்லா நாறுது."

ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி அது. அப்பா காசிமேட்டிலிருந்து கொண்டுவந்தது. நன்றாகக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, உலர்ந்த பூவையெல்லாம் அதில்தான் சேர்த்து வைத்திருந்தோம். எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினேன். புகார் நின்றது. வியாபாரம் இன்று நன்றாகவே நடக்கிறது.

அன்று கடையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அம்மாவின் மூக்கருகே நீட்டினேன். அவளுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. "என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றே. சொல்லிக்கோ" என்றாள். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் பறித்த பூவை அனுப்பி நிரூபிக்கலாம் என்றால், அவள் பறித்தால்தானே?

போன வெள்ளிக்கிழமை மல்லிகை ஒரு முழம் வாங்கிவந்து நீட்டினேன். முன்பெல்லாம் வெடுக்கென்று பிடுங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். இப்போது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீயே வச்சி வுடுமா" என்றாள். "நான் தொட்டா நாறிடும்."