உத்தரவு போட்டவர் சுமக்கட்டும்

திரிங்காப்பு என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தங்கராஜுவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கமாண்டோ என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்தால் இன்னும் நாலு தடவை கூப்பிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். 1970இல், பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்துக் கமாண்டோ பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். கூடப் போன எழுபது பேரில் தேறிப் பச்சைத் தொப்பி வாங்கியவர்கள் பதினெட்டுப் பேர்தான். சதுப்பு நிலத்தில் கழுத்தளவு சேற்றில் நின்ற நாட்களைப் பற்றி ஊரில் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். ஆனால் பயிற்சிக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார். ஒவ்வொரு முறையும் எல்லாரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வட்டமாக உட்கார வேண்டும். யாருக்கு வேலையில் அனுபவம் குறைவோ அவன் முதலில் பேசுவான். யாரைப் பற்றியும் பேசலாம். தலைவன் கடைசியில்தான் வாய் திறப்பான். திறந்ததும் தன் தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"அங்க எவனும் பெரிய ஆளு கெடையாது. பாரம் தூக்குறதுலதான் பெரிய ஆளு" என்பார்.

1975இல் வடக்கே எல்லைக் காட்டில் கெரில்லாக்களைத் தேடிப் போன ஆறு பேர் கொண்ட அவருடைய குழுவுக்கு யூசோப் என்ற கார்ப்பரல் தலைவர். ஒரு மலை முகட்டுக்கு ஏறும் பாதையில் அவர் கையை உயர்த்திக் குழுவை நிறுத்தினார். பாதையில் இலைகள் விழுந்து கிடந்த விதம் சரியில்லை, யாரோ கையால் பரப்பியது போல இருந்தது. சுற்றிப் போக அரை நாள் ஆகும் என்று ரேடியோவில் சொன்னார். முப்பது மைல் தள்ளி முகாமில் இருந்த கேப்டன், மதியத்துக்குள் முகட்டில் இருக்க வேண்டும், இது உத்தரவு என்றார். யூசோப் இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தார். அதே பதில்தான். மற்ற ஐவரையும் பின்னால் நிற்க வைத்துவிட்டு அவரே முன்னால் போனார். கண்ணிவெடி வெடித்தது. யூசோப்பும் அவருக்கு அடுத்து நின்றவரும் அங்கேயே உயிரை விட்டார்கள். தங்கராஜுவுக்கு இடது காலில் மூன்று விரல் போயிற்று. பிறகு வந்த அறிக்கையில் குழு கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று எழுதியிருந்தது. அந்த முறை வட்டமாக உட்காரும் கூட்டம் நடக்கவில்லை.

1977இல் விடுவிப்புக் கடிதத்தோடு மலைக்குத் திரும்பினார். தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். நாலு வருடத்தில் களைக்கொல்லி அடிக்கும் கும்பலை மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். கும்பலில் பதினோரு பெண்கள். ஒவ்வொருவர் முதுகிலும் மருந்து நிரப்பிய ஒரு பம்பு. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஒவ்வொரு பம்பின் மூடியையும் குழாயையும் தங்கராஜு தன் கையாலேயே திருகிப் பார்ப்பார். ஒழுகினால் ஒதுக்கி வைப்பார். இப்படி ஒதுக்கியவற்றுக்குப் மூடியில் போடும் புது ரப்பர் வாசர் கேட்டு எத்தனை முறை ஆபிசுக்கு நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை.

1984 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை தோட்ட மேனேஜரான பெரியதுரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து கம்பெனிப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மூன்று தோட்டத்து மண்டோர்களும் கணக்கெழுதும் கிராணிகளும் கூடுகிறார்கள், தலைமைத்துவத்தைப் பற்றிக் கூட்டம் என்றார்.

"கமாண்டோவுல நீ கத்துக்கிட்டதப் பேசு தங்கராஜு. ஆர்டர்னா ஆர்டர். கேள்வி கேக்கக் கூடாது. அத இவனுங்க மண்டையில ஏத்து."

தங்கராஜு சரி என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் அம்மாக்கண்ணு தன் பம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்கினார். நாற்பத்தைந்து வயது, கும்பலிலேயே மூத்தவர்.

"தம்பி, மூடிகிட்ட ஒழுகுதுப்பா. நேத்தே ரவிக்க நனைஞ்சு போச்சு."

மாற்றுப் பம்பு ஒன்றுகூட இல்லை. தங்கராஜு ஆபிசுக்குப் போனார். பெரிய கிராணி சாம்பசிவம் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"வாசர் இன்னும் வரலய்யா. ரோட்டோரத்துத் தேயில மல சனிக்கெழமைக்குள்ள சுத்தமா இருக்கணும். வர்றவங்க கண்ணுல மொதல்ல படுறது அதுதான். பதினோரு பம்பும் போகணும்னு தொர உத்தரவு. போய் அனுப்பு."

"முதுகுல ஊத்துதுங்க."

"ஒரு நாளு. பிளாஸ்டிக்க விரிச்சுக்கச் சொல்லு."

தங்கராஜு திரும்பி நடந்தார். காட்டில் அவர் கற்றது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது அந்த இடத்தில் நின்று முடியாது என்று சொல்வது. அதை அவர் சொல்லவில்லை. சனிக்கிழமைக் கூட்டமும், வீட்டில் மனைவி நீலாவதி துவைத்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் அவர் நினைவில் இருந்தன. அம்மாக்கண்ணுவின் முதுகில் பிளாஸ்டிக் தாளை அவரே கட்டிவிட்டார்.

"உத்தரவு அக்கா. இன்னைக்கு ஒரு நாள் சமாளிங்க."

தாளுக்கும் தோலுக்கும் நடுவே இறங்கிய மருந்து வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. மத்தியானம் எரிகிறது என்றார் அம்மாக்கண்ணு. சாயங்காலம் முதுகு சிவந்திருந்தது. வியாழக்கிழமை காலை கழுத்திலிருந்து இடுப்பு வரை கொப்புளம். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, இது தன்னால் ஆகாது என்று தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை தங்கராஜு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். குப்புறப் படுத்திருந்தார் அம்மாக்கண்ணு. தலையை மட்டும் திருப்பினார்.

"அக்கா, அந்தக் கிராணிய நான் சும்மா விடப்போறதில்ல. தொரையையும்தான்."

"அவங்கள விடு. அவங்க எங்கப்பா இருந்தாங்க? கட்டிவிட்டது யாரு?"

அம்மாக்கண்ணு அதோடு விடவில்லை.

"பட்டாளத்துல ஒங்க ஆபிசர் ரெண்டு பேரக் கொன்னுட்டான்னு வருசத்துக்குப் பத்து தடவ சொல்லுவியே. அந்தாளு என்ன சொன்னான்? நீ என்ன சொன்ன? ஒரே வார்த்ததானே தம்பி?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது தங்கராஜுவுக்கு அந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது வருடமாக அந்தக் கேப்டனைத் திட்டிக்கொண்டிருந்த வாயால், உத்தரவு என்ற அதே வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். கேப்டனாவது முப்பது மைல் தள்ளி இருந்தார். இவர் பம்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் விருந்தாளிகள், பக்கத்தில் பெரியதுரை. ஜன்னலுக்கு வெளியே கும்பலில் இருந்த ருக்குமணியும் நவமணியும் மற்ற பெண்களும் நின்றார்கள். தங்கராஜு வெள்ளைச் சட்டையோடு மேடை ஏறினார். கையில் அம்மாக்கண்ணுவின் பம்பு. அதை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பியிருந்தார்.

"எங்க படையில தலைவன் தன் தப்பத்தான் மொதல்ல சொல்லணும். என் தப்பச் சொல்றேன். புதன்கிழம இந்தப் பம்பு ஒழுகுதுன்னு தெரிஞ்சே ஒரு பொம்பளையோட முதுகுல ஏத்துனேன். அந்தம்மா இப்ப ஆஸ்பத்திரில குப்புறப் படுத்திருக்காங்க. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பயந்துட்டேன்."

பெரியதுரை எழுந்தார். "தங்கராஜு, வேற விஷயம் பேசு."

"விஷயமே இதுதாங்க. நான் கத்துக்கிட்டது ரெண்டுதான். உத்தரவு போடுறவன் போய்ப் பாக்கணும். பாக்க முடியலன்னா பாத்தவன் சொல்றத நம்பணும். இதுல மருந்து இல்ல தொர, வெறும் தண்ணிதான். இப்படி வாங்க. முதுகுல போட்டுக்கிட்டு இந்த மண்டபத்த ஒரே ஒரு சுத்து வாங்க. அப்புறம் நீங்க என்ன உத்தரவு போட்டாலும் செய்யிறேன்."

துரையின் முகம் கறுத்துப்போயிற்று. "எறங்குடா கீழே" என்றார்.

தங்கராஜு பம்பைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார். விருந்தாளிகளுக்கு முன்னால் மெதுவாக நடந்தார். மூடியிலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளைச் சட்டையை நனைத்து, கால்சட்டையில் இறங்கி, பளபளவென்று மெழுகியிருந்த தரையில் ஒரு கோடு போட்டது. ஒரு சுற்று முழுக்க நடந்தார். யாரும் தடுக்கவில்லை. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் தன் சப்பாத்துக் காலை ஈரம் படாமல் உள்ளே இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் தங்கராஜுவுக்கு ரத்தம் கொதித்தது. பம்போடு அப்படியே வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை பெரட்டில் பத்துப் பெண்களும் வந்து நின்றார்கள். ஒருவரும் பம்பைத் தொடவில்லை. தங்கராஜு சொல்லித் தரவில்லை. ருக்குமணிதான் முன்னால் நின்று, "துரை வந்து சுமந்து காட்டட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சத்தமாகச் சொன்னாள். சாம்பசிவம் மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஐந்து நாள் மருந்தடிக்கவில்லை. ஆறாம் நாள் ஈப்போவிலிருந்து லோரியில் பன்னிரண்டு புதுப் பம்புகளும் ரப்பர் கையுறைகளும் வந்தன. வராத வாசருக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பம்பே வருவதற்கு ஐந்து நாள்தான் ஆயிற்று.

அதே லோரியில்தான் தங்கராஜுவின் வேலைநீக்கக் கடிதமும் வந்தது. மேலதிகாரியை அவமதித்த குற்றம். ஒரு மாதத்தில் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். யூனியன்காரர் வந்தார், டீ குடித்தார், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீலாவதி பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது கேட்டார், "பேசாம கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல?"

"மெதுவா மூணு வருசம் சொன்னேன்" என்றார்.

சாமான் ஏற்றும் நாளில் அம்மாக்கண்ணு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதுகில் துணி பட்டால் வலிக்கும் என்பதால் தளர்ந்த பாஜுச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்.

"ஒன்மேல இருக்குற கோவம் எனக்கு இன்னும் போகல தம்பி. அத சொல்லத்தான் வந்தேன்."

"போக வேணாம்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் லோரி கிளம்பும் வரை அம்மாக்கண்ணு அங்கேயே நின்றார்.

லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தங்கராஜுவுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. 1986இல் கம்பெனி வெளியிட்ட சிறு பத்திரிகை ஒன்று எப்படியோ கைக்கு வந்தது. பழைய தோட்டத்துக்குத் தொழிலாளர் பாதுகாப்புக்கான பரிசு. புதுப் பம்புகளுக்குப் பக்கத்தில் பெரியதுரை சிரித்துக்கொண்டு நின்றார். தலைவன் தொழிலாளியின் குரலைக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அம்மாக்கண்ணுவின் பெயர் எங்கும் இல்லை.

தங்கராஜு அன்றைக்குச் சாப்பிடவில்லை. உட்கார்ந்து கம்பெனிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். முதல் பக்கம் முழுக்க, அந்தப் புதன்கிழமை தான் செய்த தப்பு. பதில் வரவில்லை. நாலு மாதம் கழித்து இன்னொன்று எழுதினார். அதற்கும் வரவில்லை. மூன்றாவதை எழுதும்போது நீலாவதி எட்டிப் பார்த்து, "அம்மாக்கண்ணு அக்கா பேர மொத வரியிலயே போடுங்க" என்றார். அவர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.