ரோக்கே விட்டுப்போன வெள்ளைக் கினிப்பன்றி

என் நாத்தனார் மெல்சோராவின் அடுக்களையில் பதினாறு கினிப்பன்றிகள் ஓடித் திரியும். திருவிழா, கல்யாணம் என்று வந்தால் அடுப்பில் ஏறுகிறவை. பதினேழாவது மட்டும் ஏறாது. காட்டுப் பக்கம் தங்கம் தோண்டப் போன மகன் ரோக்கே, "இதை மட்டும் சட்டியில போட்டுடாதம்மா" என்று கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக் குட்டி. அவன் போய் எட்டு மாதம். நான்கு மாதமாக ஒரு தகவலும் இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மதினி, உங்க வெள்ளைக்காரி நல்லா கொழுத்துட்டா. கார்ப்பஸ் திருவிழாவுக்கு நானே வறுத்துடறேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். அன்றைக்கே அதை மரப்பெட்டியில் போட்டுத் தன் கட்டிலடியில் தள்ளிவிட்டாள்.

அடுக்களைக் கூட்டத்துக்கு முட்டைக்கோஸ் தழை, சோளத்தட்டை, குதிரைமசால் புல் என்று பச்சையாக எல்லாம் கிடைத்தது. செல்லத்துக்கோ இனிப்பு ரொட்டியும் பார்லியும்தான். "அதுங்க தின்கிற குப்பை இதுக்கெதுக்கு?" என்பாள்.

ஆறாவது வாரம் குட்டி பின்னங்காலை இழுக்க ஆரம்பித்தது. ஈறில் ரத்தம். தொட்டால் கத்தியது. எங்கள் பக்கம் நோயாளியின் உடம்பில் கினிப்பன்றியைத் தடவி, பிறகு அதை அறுத்துப் பார்த்துத்தான் வைத்தியர் நோயைச் சொல்வார். அவள் புத்தி வேறு எங்கே போகும்?

"ரோக்கேவுக்குக் கால்ல அடிபட்டிருக்கு ஹசிந்தா. இது காட்டிக்கொடுக்குது" என்றாள் என்னிடம்.

மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அன்னந்தண்ணி இல்லாமல் பெட்டிப் பக்கத்திலேயே கிடந்தாள். பெட்டியில் வைக்க வைத்ததே என் வாய்தானே.

"மதினி, இது பச்சையைக் கண்டு எத்தனை நாளாச்சு?"

"நீ தீனியைப் பத்திப் பேசுற. நான் எம் புள்ளையைப் பத்திப் பேசுறேன்."

நான் மல்லுக்கு நிற்கவில்லை. காலையில் குதிரைமசால் அறுத்தேன். ஈரத்தோடு கொடுத்தால் வயிறு உப்பிச் செத்துவிடும். பனி போகும்வரை நிழலில் பரப்பி வைத்தேன். கொழுந்தாகக் கிள்ளி வாயருகே பிடித்தேன். முதல் நாள் மெல்லவே முடியவில்லை. விடாமல் கொடுத்தேன். பத்தாம் நாள் அது எழுந்து, என் கையிலிருந்து தழையைப் பறித்துக்கொண்டு ஓடியது.

மெல்சோரா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. "எழுந்துட்டான் ஹசிந்தா. எம் புள்ள நடக்கிறான்." அன்றைக்கு இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். வெறும் புல்தான் மதினி, புல் இல்லாமல்தான் படுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

கார்ப்பஸ் வந்துபோனது. ரோக்கேவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் இப்போது முன்பு போலப் பேருந்து நிலையத்துக்குப் போய், காட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களை விசாரிப்பதுமில்லை. காலையில் அந்தக் குட்டியின் கால்களைத்தான் பார்க்கிறாள்.

நேற்று கேட்டாள், "இது எத்தனை வருஷம் இருக்கும் ஹசிந்தா?"

ஐந்தாறு வருஷம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருக்காது.

"நல்லா பாத்துக்கிட்டா ரொம்ப நாள் இருக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.