கருத்து நோட்டின் முதல் வரி

எங்கள் கலைமன்றத்தின் சாவிக் கொத்து என் அண்ணியின் இடுப்பில் இருக்கிறது. பெரிய அரங்கில் நாடகமோ கச்சேரியோ நடக்கும். ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அரங்கில் உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களை மூன்று நாள் மாட்டி வைப்பார்கள். இரண்டையும் திறப்பது, பெருக்க வைப்பது, விளக்குப் போடுவது, பூட்டுவது எல்லாம் அண்ணிதான். இருபத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் அவர் சாவி அக்கா.

யாரும் கொடுக்காத வேலை ஒன்றையும் அவராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன அரங்கின் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கருத்து எழுத ஒரு தடித்த நோட்டு, நூலில் கட்டிய பேனா. வெறும் தாளைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை வராது. புரட்டுவார்கள், யாரும் எழுதவில்லை என்று தெரிந்ததும் சுட்டுவிட்டது போலக் கையை இழுத்துக்கொள்வார்கள். மேடையில் மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள்கூட அப்படித்தான். அதனால் ஒவ்வொரு கண்காட்சியின்போதும் அண்ணி காலையிலேயே முதல் வரியை ரகசியமாக எழுதிவிடுவார். பெயர் போட மாட்டார், பொய்யும் எழுத மாட்டார். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐந்தாவது படத்தில் நாய்க்குப் பின்னங்கால் கொஞ்சம் நீளம். ஆனாலும் திருடித் தின்றுவிட்டு முழிக்கிற முழி அப்படியே வந்திருக்கிறது” என்பது மாதிரி ஏதாவது எழுதுவார். அதற்குக் கீழே மற்றவர்கள் மளமளவென்று எழுதித் தள்ளுவார்கள். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒன்பது வருஷமாகப் பின்னறையில் உட்கார்ந்து படம் வரைகிறான். ஒரு படம் முடிந்ததும், “எப்படி இருக்கு?” என்று தூக்கிக்கொண்டு வருவான். அண்ணி துணி மடித்தபடியே, தலை நிமிராமல், “நல்லா இருக்கு” என்பார். ஒன்பது வருஷமும் அதே இரண்டு வார்த்தை. நானும் எத்தனையோ தடவை கண்ணைக் காட்டியிருக்கிறேன், அவருக்கு உறைத்தால்தானே.

இந்த வருஷம் அண்ணனுக்குச் சின்ன அரங்கு கிடைத்தது. பதினோரு படங்கள். முதல் நாள் காலையில் ஆணி அடித்துக்கொண்டே சொன்னான்:

“அந்த நோட்டுல உன் கை படக் கூடாது.”

“ஏன், என் எழுத்துக்கு என்ன குறைச்சலாம்?” என்றார் அண்ணி.

“ஊர்ல இருக்கிறவங்க படத்தையெல்லாம் நின்னு நிதானமா பார்த்து எழுதுற. எனக்கு மட்டும் துணி மடிச்சுக்கிட்டே ரெண்டு வார்த்தை. நீ பாவம் பார்த்து எழுத வேண்டாம். யாராவது நிஜமா பார்த்து எழுதட்டும். மூணு நாள்ல ஒரு வரி விழலைன்னா பிரஷ்ஷையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுறேன்.”

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. “சரி, தொடலை” என்றார்.

முதல் நாள் பக்கத்து அரங்கில் நாடகம். இடைவேளையில் கூட்டம் வந்து, மழையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களை வரைந்த படத்தின் முன்னால் நின்று கைகாட்டிச் சிரித்தது. போகும்போது நோட்டைப் புரட்டியது, வைத்தது, போனது. இரண்டாம் நாள் கச்சேரி. ஒருவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, எழுதுகிறது என்று உறுதி செய்துகொண்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

“நான் எழுதிடட்டுமா அண்ணி?” என்றேன்.

“உன் கோழிக் கிறுக்கல் அவருக்குத் தெரியாதா? சும்மா இரு.”

சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நடன நிகழ்ச்சி. மதியம் அண்ணி என்னை மேசையருகே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். முதல் படத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவதின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ஒரு பெண் குனிந்து கதவைத் திறக்கிறாள், கையில் சாவிக் கொத்து. யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்தான். பூட்ட இன்னும் ஒரு மணி நேரம்தான். நோட்டைத் திறந்தான். வெள்ளை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போதுதான் கதவு வழியாக, ஏழாவது படத்தின் அருகில் அண்ணி மறுபடியும் நிற்பதைப் பார்த்தான். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். சட்டென்று பேனாவை எடுத்தான். நோட்டைக் கிழிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். இல்லை, எழுதினான்:

“ஏழாவது படத்தில் முகம் சரியாக வரவில்லை. மறுபடி வரைய வேண்டும். — வரைந்தவன்.”

அப்பாடா! பிரஷ்கள் பரணேறாமல் தப்பித்தன.

“இங்க வா” என்று அண்ணியைக் கூப்பிட்டான். “முதல் வரி விழுந்தாச்சு. இப்ப நீ எழுதலாம். பார்த்து எழுது.”

அண்ணி வந்து படித்தார், உட்கார்ந்தார், ரொம்ப நேரம் எழுதினார். அதற்குள் நடனம் முடிந்து கூட்டம் வந்துவிட்டது. நோட்டில் எழுத்தைப் பார்த்ததும், வரிசையில் நின்று எழுத ஆரம்பித்தார்கள். பூட்டும்போது ஒன்றரைப் பக்கம் நிரம்பியிருந்தது. அண்ணன் அதில் ஒரே ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான். நானும் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

“முகம் கிடக்கட்டும். என் இடது செருப்பின் அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருப்பதை இவர் வரைந்திருக்கிறார். அது எனக்கே மறந்துபோயிருந்தது. நான் தலை நிமிராத ஒன்பது வருஷமும் இவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.”

கீழே முதல் முறையாகத் தன் பெயரும் போட்டிருந்தார்.

அண்ணன் நோட்டை மூடினான். “அந்தச் செருப்பைக் கழட்டிக் குடு, தைச்சுத் தரேன்” என்றான்.