நாலு ரிங்குக்குள்

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நான் மருந்துக்கடைக்காரன், கடையும் வீடும் ஒரே தெருவில். இருந்தும் ஆசை யாரை விட்டது? ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்தது பிரேக் டீச்சர்.

பட்டப்பெயர் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து வைத்தது. பயிற்சிக் காரில் கற்றுத்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு உதவ. அவளுக்கு எல்லாமே ஆபத்துதான். நூறடி தள்ளி ஒரு நாய் புரண்டு படுத்தால்கூட வண்டி குலுங்கி நிற்கும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனாலும் எனக்கு டீச்சர்தான்.

கணவன் கப்பலில் வேலை செய்கிறான். வருடத்தில் எட்டு மாதம் கடலில். பதினெட்டுப் படி ஏறிப்போகும் மாடி வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனார் சலூன் வைத்திருந்தவர், வயது எண்பத்தொன்று. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்று பிடித்த பயம் இவளை விடவே இல்லை. ரப்பர் பாய், ஊன்றுகோல் எல்லாம் என் கடையில்தான் வாங்கினாள். "உட்காருங்க மாமா, உட்காருங்க மாமா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியபோது அதற்கும் நான்தான் மருந்து கொடுத்தேன்.

அவர் அசரவில்லை. "அம்பது வருஷம் நின்னே வேலை பாத்தவன்மா நான். என் முன்னாடி மத்தவங்கதான் உட்காருவாங்க" என்றாராம்.

வகுப்பில் அரை மணிக்கு ஒரு தடவை "ஓரமா நிறுத்துங்க சார்" என்பாள். வீட்டுக்குப் போன் போடுவாள். அந்தப் போன் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. செல்போன் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் பெரியவர். நாலு ரிங்குக்குள் எடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். எடுக்காவிட்டால் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள். இரண்டு முறை அப்படி ஓடினாள். இரண்டு முறையும் மனுஷர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஓடினால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு ரிங் போயிற்று. எட்டு போயிற்று. மறுபடி போட்டாள், யாரும் எடுக்கவில்லை.

"சார், வீட்டுக்கு ஓட்டுங்க."

"நானா? மெயின் ரோட்டிலயா?"

"எனக்குக் கை நடுங்குது. சீக்கிரம் போங்க சார்!"

எனக்கு மட்டும் நடுங்கவில்லையா? போனேன். போகும் வழியெல்லாம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று வாய் சொல்கிறது, கால் பிரேக்கை மிதிக்கிறது. கடைசியில் என் பொறுமை போய்விட்டது. "டீச்சர், நீங்க காலை எடுத்தாத்தான் வண்டி போகும்!" என்று கத்தினேன்.

பெரியவர் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்துக் கட்டுப் போடும்போது அவர் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கன்றல், அதற்கு மேலே நீலமாக இன்னொன்று. இரண்டும் அன்றையது இல்லை.

"இது எப்ப?" என்றேன்.

"போன வாரம் ஒண்ணு. அதுக்கு முந்தி ஒண்ணு."

"ஏன் மாமா சொல்லல? எப்படி விழுந்தீங்க?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த போனைப் பார்த்தார். "இது அடிக்கும். எந்திரிச்சு ஓடுவேன். நாலுக்குள்ள எடுக்கணுமே."

"ஓடலாமா மாமா?"

"எடுக்கலேன்னா நீ வந்துடுவ. உன் வேலை போயிடுமேம்மா."

அவள் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு தடவையும் நான்தான் தள்ளிவிட்டிருக்கேன்" என்று அழுதாள். நான் பஞ்சுப் பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

சமாதானம் பேசி முடிவானது இது: பெரியவர் சட்டைப்பையில் செல்போன் வைத்துக்கொள்வார். ஆனால் அவள் கூப்பிடக்கூடாது, சத்தம் கேட்டாலே அவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவரே அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார். முதலாளி என்ன நினைத்தாரோ, அந்த ஒரு தடவை விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பத்தரைக்கு முதல் அழைப்பு வர வேண்டும். பத்தேகாலிலிருந்தே போன் அவள் மடியில். எடுத்தாள், நேரம் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பார்க்க முடியாமல் நானே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்த வேகத்தில் அது நழுவி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து துழாவினாள், சீட் பெல்ட் விடவில்லை. மூன்று, நாலு, ஐந்து. கைக்குக் கிடைத்தபோது அழைப்பு நின்றிருந்தது.

"கூப்பிடட்டுமா சார்? கூப்பிட்டா பதறி எந்திரிப்பாரே. கூப்பிடாம இருந்தா?"

எனக்கு என்ன தெரியும்? இரண்டு நிமிடம் இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அடித்தது.

"ஏம்மா எடுக்கல?" பெரியவர் குரல் எனக்கே கேட்டது. மூச்சு வாங்கியது. "எங்கயாவது மோதிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல மாமா, போன் கீழ விழுந்துடுச்சு. உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

"உன்னைப் பாக்கத்தான் கிளம்பினேன். பாதிப் படி இறங்கிட்டேன்."

"மாமா, அப்படியே உட்காருங்க" என்றாள், குரலே எழும்பாமல்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் கால் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்தியது. என் காலும்தான்.