யாருமில்லாத கடலில் ஒரு நடுக்கம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் பூமியையும் மலையையும் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிலத்தில் ஒரு கருவி புதைந்திருந்த நாட்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, மலையைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் கொல்லை. கேழ்வரகும் துவரையும் போடுவோம். நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்தப் பாறைக்காகத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்கள். ரோட்டுக்குத் தூரமான, சத்தமில்லாத பாறை வேண்டுமாம். வந்தவர்களில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண் ஒருத்தி. பிறகு மாதாமாதம் வந்து பார்த்துப் போனது அவள்தான்.

“இந்தக் கருவி தண்ணி எங்க இருக்குதுன்னு காட்டுங்களா?” என்று என் வீட்டுக்காரர் அவளைக் கேட்டார்.

“இல்லீங்க சார். இது அதுக்கும் ரொம்பக் கீழ பாக்குறது.”

“அதுக்கும் கீழ நமக்கு என்னாங்க வேல?” என்று சிரித்தார். ஆனாலும் சரி என்றார். குழி தோண்டி, அடியில் சிமெண்டு போட்டு, சின்னக் குடம் போன்ற கருவியை இறக்கி மூடினார்கள். பக்கத்தில் சோலார் தகடும் பேட்டரிப் பெட்டியும் வைத்தார்கள்.

எங்கோ தூரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால், அதன் அதிர்வு பூமிக்குள்ளேயே நடந்து வந்து எங்கள் பாறைக்கு அடியிலிருந்து மேலே ஏறுமாம். நமக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். வழியில் அது எங்கே எவ்வளவு தயங்கியது என்று பார்த்தால், மலைக்கு வேர் இருக்கிறதா என்று சொல்லிவிடலாமாம்.

“மலைக்கு வேரா? மரத்துக்கு மாதிரியா?”

“கிளை விட்டு ஓடாதுக்கா. மேல நிக்கிற பாரத்தத் தாங்குறதுக்கு அடியில கனமா எறங்கியிருக்கும். சில மலைக்கு இருக்கும், சிலதுக்கு இருக்காது. இந்த மலைக்கு என்னான்னு தெரியல.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாவு சலிக்கும்போது, மலையின் வேர் என் அடுப்படி வரைக்கும் வந்திருக்குமோ என்று தோன்றும். தூங்குகிற ஒருவரின் தோளில் நின்று சமைப்பதுபோல இருக்கும். பாத்திரத்தை மெதுவாக இறக்கி வைப்பேன்.

ஒருநாள் லேப்டாப்பில் கோடுகளைக் காட்டினாள். “இந்தக் குட்டிக் குட்டியா வர்றது நீங்கதான்க்கா. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறீங்க.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் நடந்து வருவது வீட்டில் யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். என் காலடியைக்கூட பூமி கேட்டு வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வரப்பைச் சுற்றிக்கொண்டுதான் மாட்டிடம் போனேன்.

மழைக்காலத்தில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. அவள் அடுத்த முறை வந்து பார்க்கும்வரை எதுவுமே பதிவாகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“மத்த பக்கத்துலருந்து வந்தது இருக்கு, கிழக்க இருந்து வந்ததெல்லாம் போச்சுக்கா. இந்த மாசக் கடைசியில கருவிய எடுத்து வேற எடத்துக்குக் குடுக்கணும். அதுக்குள்ள கிழக்க இருந்து ஒண்ணாச்சும் வரலைன்னா, இந்தப் பாறையவே என் ஆராய்ச்சியிலருந்து எடுத்துட வேண்டியதுதான்.”

“ஏன் பாப்பா, பெருசா வந்தா அங்க வூடெல்லாம் வுழுந்துடாதா?”

கிளறிய மண்ணைக் கையால் தட்டி மூடினாள். “வுழும்க்கா. அத நெனச்சா கேக்கவே வாய் வராது. நடுக்கடல்ல, ஆழத்துல வந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விளக்கு போட்டேன். மழை கேட்கத் தெரியும், பிள்ளைகளுக்கு உடம்பு சரியாகக் கேட்கத் தெரியும். நிலநடுக்கத்தை எப்படிக் கேட்பது? நடுக்கடலில், ஆழத்தில், படகு கூடப் போகாத இடத்தில் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டேன். அம்மனுக்குக் கிழக்கு எது என்று கையாலும் காட்டினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. “பூமி அசையணும்னு வேண்டிக்கிற. நான் கட்டில்ல பொரண்டு படுத்தா மட்டும் ஏன்டி கத்துற?” என்று அந்த வாரம் முழுக்க ஓட்டினார்.

கருவியை எடுக்கிறதற்கு முந்தின நாள். அதற்கு முதல் நாள் பெய்த மழையில் ஈரம் பதமாக இருந்ததால், என் வீட்டுக்காரர் உழ டிராக்டரை வரச் சொல்லிவிட்டார். வண்டி வரப்பு ஓரம் வந்து நின்றதும் என் கால்கள் தாமாகவே போய் முன்னால் நின்றன. அந்த டிரைவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இன்னிக்கி வேணாங்க. நாளைக்கி வாங்க.”

“ஏங்கக்கா, என் வண்டி சத்தம் மலைக்குக் கேக்குங்களா?”

“கேக்கும்ங்க.”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “எங்க வூட்ல சொல்லிட்டாங்கல்ல, போய்ட்டு நாளைக்கி வாப்பா. ஈரம் காஞ்சா அவளே மம்புட்டியால கொத்தட்டும்” என்றார் இவர்.

மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மாமனார் நிலத்தில் கட்டினேன். மதியத்துக்கு மேல் புளியமரத்தடியில் படுத்தேன். கோழிகூட ஓய்ந்திருந்தது. மேகத்தின் நிழல் மலைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. காதைத் தரையில் வைத்தேன். ஈர மண் வாசனைதான் வந்தது. கண் சொருகிய நேரத்தில், நிலம் முழுவதும் பெரிய தண்ணீர்போல ஆகி, என்னையும் மரத்தையும் பாறையையும் மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கியது. அது கனவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் அவள் ஆட்களோடு வந்து பதிவைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் கிழக்கே நடுக்கடலில் ஒன்று வந்திருந்தது. கேட்ட அளவுக்குப் பெரிதில்லை. வேறு சத்தம் எதுவும் கலக்காததால் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது, இது போதும் என்றாள். கருவியை எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். குழியை நாங்கள் மண் போட்டு மூடினோம். மதியம் டிராக்டர் வந்து உழுதுவிட்டுப் போனது.