வெயிலில் காய்ந்த கண்ணாடித் துண்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கண்ணாடித் துண்டில் மஞ்சள் நிற பாலிமரை மெல்லிய படலமாகப் பூசி, காற்றிலிருந்து அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று எடை பார்ப்பதுதான் வேலை. ஒளி பட்டால் மூலக்கூறுகள் வளைந்து, படலம் கூடுதலாகக் குடிக்கும் என்பது என் கட்சி. அதனால் பாதித் துண்டுகளுக்கு விளக்கொளி காட்டினேன். மீதியைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்தேன்.

முதல் நாளே இருட்டுத் துண்டுகளும் துளி குடித்திருந்தன. சென்னைக் காற்றில் அது சகஜம்தான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சே, இதுலயும் தண்ணி ஏறிடுச்சு!" என்று கத்தினேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்பே வந்துவிடுபவர்.

அடுத்த மூன்று வாரம் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே அளவு குடித்தன. "இந்த வாரமும் இப்படியே வந்தா வேற தலைப்பு பாத்துக்கோம்மா" என்றார் பேராசிரியர். என் இரண்டு வருட உழைப்பு அந்த வாரத்தில் தொங்கியது.

மறுநாள் மதியம் சாப்பாடு இறங்காமல் சீக்கிரமே திரும்பினேன். ஆய்வகத்தின் பின்பக்கப் படியில், உச்சி வெயிலில், ஒரு தட்டில் என் இருட்டுத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்தன. வற்றலுக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்தில் அக்கா, மடியில் டிபன் பாக்ஸ்.

"என்னக்கா பண்றீங்க!" என்று அலறினேன்.

"தண்ணி ஏறுதுன்னு நீ கத்துனியேம்மா. அதான் தெனம் நீ சாப்புடப் போனதும் காய வெச்சு, தொடச்சு, திரும்ப சுத்தி வெச்சிடுவேன். காக்கா தூக்கினு போயிடும்னு இங்கயே குந்திகினு இருக்கேன்."

வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். வெயில் பட்டால் அது இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்று கத்தும்போதே எனக்கு உறைத்தது. வெயிலும் ஒளிதானே! இருட்டில் இருந்ததாக நான் நம்பியவை எல்லாம் ஒளி பட்டவை. என் கட்சி தோற்கவே இல்லை.

சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வியர்வை வழியும் முகத்தோடு எழுந்து நின்றார்.

"அப்போ உன் படிப்ப நான்தான் கெடுத்துட்டேனாம்மா?"

"ஐயோ, இல்லக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நான் கத்தியதைத்தான் நம்பினார்.