குமுதவல்லி பொறுக்கியெடுத்த காலேஜ்

வீட்டில் எல்லோரும் குமுதவல்லிக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் காலேஜ்களுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் சௌந்தரராஜனின் ஒரே பெண். எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், உங்கள் மூக்கு அவள் காகிதத்தில் வந்துவிடும். படம் போடுவதை முறையாகப் படிக்க வேண்டுமென்று அப்படியொரு பைத்தியம்.

மூன்று இடங்களிலிருந்து விவரம் தருவித்தாள். ஓரிடத்தில் காமிரா பிடிக்கக் கற்றுத்தருவார்களாம். ஆனால் சினிமாப் படிப்பு என்று அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு யார் பிழைப்பது? கும்பகோணத்தில் ஓவியம், சிற்பம் எல்லாம் உண்டு, தூரம்தான் உதைத்தது. சென்னை ஓவியக் கல்லூரி என்றால் விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டியதும் திரும்பலாம், முடித்தால் பத்திரிகைகளுக்குப் படம் போடலாம். மாசக்கணக்காக இதே ஆராய்ச்சி!

ஓரிக்கைச் சிநேகிதி ஜெயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மூணுத்துக்கும் போட்டு வைம்மா, எது ஆவுதோ அதுக்குப் போ. நீ இன்னா, பொண்ணு பாக்க வந்த மாமியா கணக்கா ஒவ்வொண்ணுத்துக்கும் நொட்டை சொல்லிக்கினு இருக்கறே?"

"அப்பாகிட்ட கையெழுத்து ஒரு தரம்தான்டி கேக்க முடியும்."

சென்னைக்கு மட்டும் மனுப் போட்டாள். அந்த வருஷத்தை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

வரைதல் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எழுபத்தொன்பது ஜூலை. விதியைப் பாருங்கள்! நாற்பது வருஷம் கோயில் குளத்துக்குள் சயனித்திருந்த அத்திவரதர் அப்போதுதான் மேலே எழுந்தருளியிருந்தார். ஊர் கொள்ளாத கூட்டம். பம்பாய்ச் சித்தப்பா குடும்பம் முதல் முகமே தெரியாத உறவு வரை அவர்கள் வீட்டில்தான் இறங்கியது.

"நீ போயிட்டு வா. தளிகையை நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா அம்ருதவல்லி.

தேர்வன்று விடியும் முன்பே பென்சில் சீவி, தலை பின்னி, குமுதவல்லி தயாராக நின்றாள். அம்மா கொல்லை வாசற்படிக்கு வெளியே நின்றபடி, "மூணு நாளைக்கு நான் உள்ளே வரப்படாது, குமுதா" என்றாள்.

அந்த நாட்களில் அந்த வீட்டில் பெண்கள் அடுப்பைத் தொடக்கூடாது. விருந்தாளிப் பெண்களோ அதற்குள் கோயில் வரிசைக்குப் போய்விட்டார்கள்.

"காலேஜ் எங்கேடி போறது? வருஷாவருஷம் இருக்கும்" என்றார் அப்பா. "பெருமாள் இனிமே நாப்பது வருஷம் கழிச்சுத்தான். சேவிச்சுட்டுப் பசியோட வர்றவாளுக்கு யார் எலை போடறது?"

"எனக்கு வயசு தாண்டிடும்பா."

"அவருக்கு முன்னாடி நமக்கென்னடி வயசு!" என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குக் கிளம்பினார்.

தனக்கும் விலக்கு என்று பொய் சொல்லலாமா? சொன்னால் அடுப்பிலிருந்து தப்பலாம்; ஆனால் தெருவில் இறங்க முடியாது. நல்ல நியாயம்! வயிறெரிய அரிசி களைந்தாள்.

கடைசிப் பந்தியும் எழுந்தபின் அம்மாவுக்குச் சாதம் கொண்டுபோய்த் தள்ளி வைத்தாள். அங்கே சென்னையில் தேர்வு முடிந்திருக்கும்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா. யாருக்குத் தெரியப்போறது?"

அம்மா இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காலம்பற நானும் அதையேதான்டி நெனச்சேன். பெருமாள் வந்திருக்கறச்சே... பயமா இருந்தது."

அதற்குமேல் யாரைக் கோபித்துக்கொள்வது? குமுதவல்லி எச்சில் இலைகளை எடுக்கப் போனாள்.